வெள்ளம் வருமுன் வெள்ளோட்டம்: அம்பாங் அணையிலிருந்து இணைய வரைபடம் வரை

அம்பாங் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். மலாய் மொழியில் எம்பாங் என்றால் அணை, நீரைத் தடுக்கும் கரை என்று பொருள். ஈயம் எடுக்க வந்தவர்கள் ஆற்றை மறித்துக் கட்டிய அணைகளே ஊருக்குப் பெயராகி நிலைத்தன என்று சொல்வார்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம்மவர் அடிக்கடி சொல்லும் பழமொழி. அணையையே பெயராகக் கொண்ட அந்த ஊரில்தான் இன்று கோலாலம்பூர் மாநகரை வெள்ளத்திலிருந்து காக்கும் வேலையின் முதல் கதவும் இருக்கிறது.

கதவு என்றதும் ஓர் ஆள் நின்று சக்கரத்தைச் சுற்றித் திறக்கும் மதகை நினைத்துவிட வேண்டாம். மலைப்பக்கம் எவ்வளவு மழை பெய்திருக்கிறது, ஆற்றில் இப்போது எவ்வளவு நீர் ஓடுகிறது, இன்னும் சிறிது நேரத்தில் எவ்வளவு வந்து சேரும் என்று கணினி முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு திறக்கிற கதவு அது. அதே கணக்கின் ஒரு பகுதி இன்று கைத்தொலைபேசியிலும் வரைபடமாக வருகிறது. ஆற்றின்மேல் இருக்கும் புள்ளியைத் தொட்டால் நீர்மட்டம் தெரிகிறது. இவ்வளவு தெரிந்திருந்தும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மக்கள் கூரையிலும் மேல்மாடியிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தது ஏன்? அதற்குப் பதில் தேட வேண்டுமானால் கதையை ஈயத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஈயம் கொண்டு வந்த வெள்ளம்

1857ஆம் ஆண்டு, கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியாக மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்துக்கு மேல் படகு செல்ல வழியில்லை. இறங்கி, காட்டுக்குள் நடந்து, அம்பாங்கில் ஈயத்தைக் கண்டார்கள். ஒரு மாதத்திற்குள் மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது. எஞ்சியவர்கள் 18 பேர். ஆனாலும் ஈயம் அவர்களுக்குப் பின் வேறு ஆட்களை இழுத்து வந்தது. படகுகள் நின்ற அந்தக் கூடுதுறையில் கடைகள் முளைத்தன. கோலாலம்பூர் பிறந்தது. பின்னாளில் ஜாமெக் பள்ளிவாசல் 1909இல் எழும்பியதும் அதே கூடுதுறையில்தான்.

ஆகவே, கோலாலம்பூர் தேர்ந்தெடுத்துக் கட்டப்பட்ட நகரம் இல்லை. படகு எங்கே நின்றதோ அங்கே ஊர் நின்றுவிட்டது. இரண்டு ஆறுகள் கலக்கும் தாழ்ந்த முனை, வெள்ளத்துக்கு இயற்கையாகவே சொந்தமான நிலம். அதோடு ஈய வேலையும் சேர்ந்துகொண்டது. ஈயம் எடுப்பது என்பது மண்ணை நீரால் கழுவும் தொழில். நீரைத் தேக்கி, பாய்ச்சி, மண்ணைக் கரைத்து, கனமான ஈயத் தாதுவை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். கழுவிய மண் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். மேலே அம்பாங் பக்கம் தோண்டத் தோண்ட, கீழே ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வந்தது. படுகை உயர்ந்தால் அதே மழைக்குக் கூடுதல் வெள்ளம் வரும். இதைப் புரிந்துகொள்ளக் கணினி எதுவும் தேவையில்லை.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தாப்புக் கூரை வீடுகள் நிறைந்த நகரம் தீக்கிரையானது. அந்த ஆண்டு முடிவதற்குள் வெள்ளமும் வந்தது. அதன் பிறகுதான் செங்கல்லும் ஓடும் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அந்தச் செங்கற்களுக்காகக் களிமண் எடுத்துச் சூளை போட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். அதுவும் கிள்ளான் ஆற்றின் ஓரம்தான். ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியிருந்த இடமும் அதுவே. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த லெபோ அம்பாங்கும் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். அம்பாங் சுரங்கங்களுக்குப் போகும் பாதை என்பதால் வந்த பெயர் அது. கோலாலம்பூர்த் தமிழர்களின் பழைய முகவரிகளைத் தேடிப் பார்த்தால் ஆறு அருகிலேயே வந்து நிற்கிறது.

1926 டிசம்பரில் வந்த வெள்ளம் தீபகற்பத்தையே புரட்டிப் போட்டது. மலைமண் கலந்து செந்நிறமாகப் பாய்ந்ததால் கிளந்தானில் அதை இன்றும் செவ்வெள்ளம் என்ற பொருளில் 'பா மேரா' என்கிறார்கள். கோலாலம்பூரும் மூழ்கியது. அதன் பிறகு நகருக்குள் வளைந்து ஓடிய ஆற்றை நேராக்கி, அகலப்படுத்தி, கரை கட்டினார்கள். 1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோன்றியது. ஆற்றை நேராக்கினால் தண்ணீர் விரைந்து ஓடிவிடும் என்பது அன்றைய கணக்கு. விரைந்து ஓடிய தண்ணீர் கீழே யாருடைய வாசலில் போய் நிற்கும் என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கு நீண்ட காலம் கண்டுகொள்ளப்படாமலே கிடந்தது.

பிறகு 1971 வந்தது. துன் அப்துல் ரசாக் பிரதமர் பொறுப்பேற்று நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் விடாமல் கொட்டிய மழையில் கிள்ளான், கோம்பாக், பத்து ஆகிய ஆறுகள் ஒருசேரக் கரை புரண்டன. தலைநகரில் மட்டும் 32 பேர் மாண்டார்கள், 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். தேசியப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. மேலே 1958லேயே கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை இருந்ததே என்று கேட்கலாம். அது அடிப்படையில் குடிநீருக்காகக் கட்டிய அணை. குடிநீர் அணை நிரம்பியிருக்க வேண்டும், வெள்ள அணை காலியாக இருக்க வேண்டும். ஒரே அணையிடம் இரண்டையும் கேட்டால் அது திண்டாடத்தான் செய்யும். அதே ஆண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. பத்து அணை 1987இல் எழுந்தது.

பேரேட்டுக் கணக்கும் சிமெண்டு நதியும்

இனி வெள்ளோட்டத்துக்கு வருவோம். புதிய தேரையோ படகையோ ஓட்டிப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். வராத வெள்ளத்தை வந்ததாக வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கும் அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது.

இதற்கான கணிதம் பழையது. 1871இல் பிரெஞ்சு அறிஞர் சான்-வெனான் இரண்டு சமன்பாடுகளை வெளியிட்டார். கோலாலம்பூர்ப் பெருவெள்ளத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பு! இன்றைய கணினி மாதிரிகள் பலவற்றுக்கும் அவைதாம் அடித்தளம். லெபோ அம்பாங் செட்டியாரின் பேரேட்டை நினைத்துக்கொண்டால் முதல் சமன்பாடு எளிதில் புரியும். ஆற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம். மேலிருந்து வந்த நீர் வரவு, கீழே போன நீர் செலவு, மீதி இருப்பு. இருப்பு கூடினால் நீர்மட்டம் உயரும். இரண்டாவது சமன்பாடு வேகத்தைப் பற்றியது. சரிவு நீரைத் தள்ளுகிறது, படுகையின் கல்லும் புல்லும் குப்பையும் பிடித்து இழுக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கணித்தால், மேலே பெய்த மழை எந்த நேரத்தில் எந்தப் பாலத்தை எந்த உயரத்தில் கடக்கும் என்று சொல்லலாம். ஆனால் துண்டுகள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு. பேனா பிடித்துப் போட்டால் கணக்கு முடிவதற்குள் வெள்ளம் வடிந்துவிடும்.

கணினி வருவதற்கு முன் அமெரிக்கர்கள் இதற்கு ஒரு விசித்திர வழி கண்டார்கள். ஆற்றையே சிறிதாகக் கட்டிவிட்டார்கள். 1943இல், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அருகில், மிசிசிப்பி ஆறும் அதன் கிளைகளும் சிமெண்டில் வார்க்கப்பட்ட ஒரு மாபெரும் மாதிரியின் வேலை தொடங்கியது. தரையளவில் 2,000 அடி நிலம் அங்கே ஓர் அடி, உயரத்தில் 100 அடி அங்கே ஓர் அடி. மொத்தம் சுமார் 200 ஏக்கர். வேலை செய்தவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட ஜெர்மானியப் போர்க்கைதிகள்! உண்மை ஆற்றின் ஒரு நாள் அந்த மாதிரியில் ஐந்தாறு நிமிடங்களில் ஓடிமுடிந்தது. 1952 ஏப்ரலில் மிசௌரி ஆறு பெருகியபோது, எந்தக் கரை தாங்கும், எது தாங்காது என்று இந்தச் சிமெண்டு நதியில் இரவும் பகலும் ஓட்டிப் பார்த்துத்தான் முன்னேற்பாடுகள் செய்தார்கள். பின்னர் கணினி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சிமெண்டு நதியில் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது.

நம் நாட்டில் 200 ஏக்கர் மாதிரி எதுவும் தேவைப்படவில்லை. 1971க்குப் பிறகு மழைமானிகளும் நீர்மட்டமானிகளும் படிப்படியாகப் பெருகின. அவற்றின் எண்கள் தாமே இலாகாவுக்கு வந்து சேரும்படி தொலைத்தொடர்பும் ஏற்பட்டது. அந்த எண்கள் இல்லாவிட்டால் எந்தக் கணினியும் வெறும் பெட்டிதான்.

கம்போங் பெரெம்பாங்கில் ஒரு குளம்

கிள்ளான் ஆற்றின் மொத்த நீளம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர், வடிநிலம் 1,288 சதுரக் கிலோமீட்டர். மிசிசிப்பியோடு ஒப்பிட்டால் இது ஓடை. அங்கே வெள்ளம் கீழே வந்து சேர வாரங்கள் ஆகும். இங்கே மலையடிவாரத்தில் பெய்த மழை நகர மையத்துக்கு வர ஒரு தேநீர் குடித்துக் கதை பேசி முடிக்கும் நேரம் போதும். மலைக்காடு இருந்த இடத்தில் அடுக்குமாடியும் தார்ச்சாலையும் வந்த பிறகு அந்த நேரம் இன்னும் சுருங்கியது. 2000, 2001, 2002, 2003 என்று ஆண்டு தவறாமல் கோலாலம்பூரில் திடீர் வெள்ளம் வந்தது. நகருக்குள் ஆற்றை அகலப்படுத்தலாம் என்றால் இரு கரையிலும் கட்டடங்கள். மேலே வழியில்லை. பூமிக்கு அடியில் போனார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஸ்மார்ட் சுரங்கம். நீளம் 9.7 கிலோமீட்டர். துளைத்த எந்திரத்தின் விட்டம் 13.2 மீட்டர். செலவு ஏறத்தாழ 190 கோடி ரிங்கிட். அதில் 3 கிலோமீட்டர் தூரத்துக்குக் கார்கள் ஓடும் இரண்டடுக்குச் சாலை. வெள்ளம் ஆண்டுக்குச் சில நாள்தான் வரும், கார் தினமும் வரும், இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. துணிச்சல்தான். சாலை 2007 மே மாதம் திறந்தது. வெள்ளநீர்ப் பகுதி அதற்குப் பிறகுதான் செயல்படத் தொடங்கியது. இடையில், ஜூன் 10ஆம் தேதி, நகர மையத்தில் மறுபடியும் வெள்ளம். மழை திறப்பு விழாவுக்காகக் காத்திருப்பதில்லையே!

இந்தச் சுரங்கத்தின் வாய் அம்பாங் பக்கம், கம்போங் பெரெம்பாங்கில் இருக்கிறது. அம்பாங் ஆறும் மேல் கிள்ளான் ஆறும் சேரும் இடத்துக்கு அருகில் ஒரு தேக்கக் குளம். அது 6 லட்சம் கனமீட்டர் நீரைத் தாங்கும். சுரங்கம் 10 லட்சம். மறுமுனையில் தாமான் டேசா குளம் 14 லட்சம். ஆக, 30 லட்சம் கனமீட்டர் நீரை நகர மையத்தின் கண்ணில் படாமல் தேக்கிவைத்து, கெராயோங் ஆற்றின் வழியாக மெல்ல வெளியே விடலாம்.

இங்கேதான் வெள்ளோட்டம் முக்கியமாகிறது. இரு ஆறுகளும் கூடும் இடத்தில் விநாடிக்கு 70 கனமீட்டர் வரை நீர் ஓடினால் ஆறு தன்வழியே போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 70ஐத் தாண்டினால் சாலைக்குக் கீழே இருக்கும் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடப்படுகிறது. மேலே கார்கள் வழக்கம்போல ஓடும். 150ஐத் தாண்டும் என்றால் சாலையை மூடி, உள்ளே இருக்கும் வாகனங்களை எல்லாம் வெளியேற்ற வேண்டும். மழை நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டால் கார் ஓடிய சாலையில் தண்ணீர் ஓடும். பிறகு சேறு கழுவி, சோதித்து, மறுபடி திறக்க நாள்கள் ஆகும்.

150 வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே, மேலே உள்ள நிலையங்களின் மழையளவைக் கொண்டு, எப்போது 150 வரும் என்பதைக் கணினி மாதிரி முன்னதாகவே சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்துத் திரையில் நதி வரைபடமாக ஓடுகிறது, உண்மை நதிக்குச் சற்று முன்னால். பயப்பட்டுத் தேவையில்லாமல் மூடினால் நகரம் முழுக்க நெரிசல், திட்டு. தயங்கி மூடாமல் விட்டால் உயிர் போகும். அந்த இரண்டு தவறுக்கும் நடுவில் கணக்கு நிற்கிறது. இந்தச் சுரங்கம் பற்றி எழுதுகிறவர்கள் துளைத்த எந்திரத்தைப் புகழ்வதே வழக்கம். 2011இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு அளித்த கௌரவத்தைச் சொல்வார்கள். உள்ளபடி பாராட்ட வேண்டியது அந்தத் திரையையும் அதன் முன் உட்கார்ந்திருப்பவரையும்.

வீட்டுக்கு வந்த வரைபடம்

கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்த நதி பொதுமக்களின் கணினிக்கு வந்தது எப்படி? இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ராடார் மூலம் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்த அளவுகள் இலவசமாகவே கொடுக்கப்பட்டன. 2005இல் கூகுள் மேப்ஸும் கூகுள் எர்த்தும் வந்தன. உயரமும் கையில், வரைபடமும் கையில் என்றதும், ஆர்வமுள்ளவர்கள் இரண்டையும் இணைத்தார்கள். கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் எந்த ஊர் மூழ்கும், ஏழு மீட்டர் உயர்ந்தால் எது மூழ்கும் என்று சொடுக்கிப் பார்க்கும் இணையப் பக்கங்கள் தோன்றின. பள்ளிப் பிள்ளைகள்கூடக் கிள்ளான் துறைமுகத்தை நீலமாக்கிப் பார்க்க முடிந்தது.

பார்க்கப் பிரமிப்பு. ஆனால் இவற்றில் பல வெள்ளோட்டமே இல்லை. குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது போன்ற கணக்கு அது. ஒரு மட்டத்தைச் சொன்னால், அதற்குக் கீழே உள்ள நிலமெல்லாம் நீலம். தண்ணீர் அங்கே போக வழி இருக்கிறதா, நடுவில் மேடோ கரையோ இருக்கிறதா, வந்த நீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்றெல்லாம் அது கேட்பதில்லை. ராடாருக்கும் ஒரு குறை உண்டு. அடர்ந்த காட்டின் மேல் அது பார்ப்பது மரத்தின் தலையை, ஊருக்குள் பார்ப்பது கூரையை. இலவசமாகக் கிடைத்த உயரக்கணக்கு ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஒரு புள்ளி. அம்பாங் ஆற்றின் அகலமே அதைவிடக் குறைவு. ஆறே தெரியாத வரைபடத்தில் ஆற்று வெள்ளத்தை எப்படிக் காட்டுவது? ஒரு பெரிய சாக்கடையில் அடைத்துக்கொண்ட மெத்தை அம்பாங்கின் ஒரு தெருவை மூழ்கடித்துவிடும். அந்த மெத்தை எந்த விண்கலத்துக்கும் தெரியாது.

ஆகவே, உண்மையான வெள்ள வரைபடத்துக்கு விமானத்திலிருந்து லேசர் ஒளி கொண்டு நுணுக்கமாக அளந்த உயரம் வேண்டும், வடிகால்களின் அளவு வேண்டும், ஆற்றின் குறுக்கு வெட்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இதற்கு முன் தண்ணீர் எங்கே, எவ்வளவு நின்றது என்ற நினைவு வேண்டும். கடைசியாகச் சொன்னதை எந்த எந்திரமும் தராது. பாட்டிகள் தருவார்கள்.

வடிகால், நீர்ப்பாசன இலாகா தன் பங்குக்கு இன்போபஞ்சிர் என்ற இணையப் பக்கத்தை நடத்துகிறது. நாடெங்கும் உள்ள நிலையங்களின் மழையளவும் நீர்மட்டமும் அதில் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். வழக்கநிலை, விழிப்புநிலை, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகள். 2014 இறுதியில் கிளந்தானையும் கிழக்குக் கரையையும் மூழ்கடித்த வெள்ளத்தில் நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு, வெள்ளத்தை நாள் கணக்கில் முன்கூட்டிக் கணிக்கும் தேசியத் திட்டம் 2015 முதல் கிளந்தான், திரெங்கானு, பகாங் வடிநிலங்களிலிருந்து தொடங்கி விரிவுபடுத்தப்பட்டது. பெரிய ஆறுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். 2018இல் இந்தியாவின் பாட்னாவில் கூகுள் தொடங்கிய வெள்ள முன்னறிவிப்பும் அப்படிப்பட்ட பெரிய ஆற்றுக்கானதே. ஒரு மணி நேரத்தில் வந்து இரண்டு மணி நேரத்தில் போகும் அம்பாங் வெள்ளம் இன்னும் பிடிகொடுக்காத ஆசாமி.

சென்னையில் நடந்தது

தமிழ்நாட்டையும் ஒரு கணம் பார்த்துவிட்டு வரலாம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரையில் இருந்தவர்களுக்கு அது போதுமான அளவு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கை பின்னர் இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. மூழ்கிய நகரத்தில் மக்களே வரைபடம் வரைந்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் மேல், தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் நிறம் மாறும் பக்கம் ஒன்றை இளைஞர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். சில நாளில் ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. அது முன்னறிவிப்பு இல்லை, நடந்துகொண்டிருப்பதன் படம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் திரண்ட தகவலை எந்த அலுவலகமும் தனியாகத் திரட்டியிருக்க முடியாது.

அடுத்த கட்டம் 2019இல் வந்தது. சென்னைக்கென்றே சி-புளோஸ் என்ற வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு உருவானது. மழை, ஆற்று நீர், கடலின் ஏற்ற இறக்கம் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் அமைப்பு அது. வெள்ளம் வந்த பிறகு கணக்கைத் தொடங்கினால் நேரம் போதாது என்பதால், வெவ்வேறு மழைக்கும் கடல்மட்டத்துக்குமான வெள்ளோட்டங்களை முன்கூட்டியே நூற்றுக்கணக்கில் ஓட்டி, சேமித்து வைத்துவிட்டார்கள். மழை வரும்போது அதற்கு ஒத்த படத்தை எடுத்து வரைபடத்தில் விரித்தால் போதும். கெட்டிக்கார யோசனை. அதன் பிறகும் சென்னையில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரம் நாள்கணக்கில் தவித்தது. வரைபடம் தண்ணீரை இறைக்காது என்பதைச் சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை, டிசம்பர் 18

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2021 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழை 18ஆம் தேதி சனிக்கிழமை முழுக்க நிற்கவில்லை. மாதம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீருக்குள் போனது. நாடளவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வெள்ளச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

அன்று வரைபடம் இல்லாமலா போனது? இருந்தது. மழைமானிகள் வேலை செய்தன. இன்போபஞ்சிரில் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக அபாயநிலைக்குப் போயின. ஆனால் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்தவருக்கு அந்தச் சிவப்புப் புள்ளி தன் வாசலோடு என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆற்றுப் பாலத்தில் இத்தனை மீட்டர் என்றால், என் வீட்டுக் கூடத்தில் எத்தனை அடி? எத்தனை மணிக்கு? காரை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்வதற்குத்தான் வெள்ளோட்டமே இருக்கிறது. நகர மையத்துக்கு அந்தப் பதில்கள் பல ஆண்டுகளாகத் தயார். விநாடிக்கு 70, 150 என்று எண் வந்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தாமான்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு அன்று வீடுவரை வந்து சேரவில்லை. ஸ்மார்ட் சுரங்கத்தை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அது ஷா ஆலாமுக்காகக் கட்டப்பட்டதல்ல. ஆனால் ஒரே ஆற்றின் இரண்டு பகுதி மக்களுக்கு இரண்டு விதமான எச்சரிக்கை இருந்ததை மறுக்க முடியாது.

அந்த வார இறுதியில் சென்னையில் நடந்ததே இங்கும் நடந்தது. தன்னார்வலர்கள் இணைய வரைபடத்தில் சிக்கிக்கொண்டவர்களின் இடங்களைக் குறித்தார்கள். இன்ன தெரு, மேல்மாடி, இரண்டு முதியவர், ஒரு குழந்தை. படகு வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துப் போனார்கள். கைத்தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்தவர்கள் அந்த வரைபடத்திலும் இல்லை.

மொழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்போபஞ்சிர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறது. வஸ்படா, அமாரான், பஹாயா என்ற சொற்கள் நம்மவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் வஸ்படா என்றால் அடையாள அட்டையையும் மருந்தையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் மேலே எடுத்து வைக்கும் நேரம், அமாரான் என்றால் அம்மாவை முதலில் காரில் ஏற்றும் நேரம், பஹாயா என்றால் தாமதமாகிவிட்டது என்று யாராவது தமிழில் சொல்லித் தந்திருக்கிறார்களா? கோயில் ஒலிபெருக்கியும் குடியிருப்போர் சங்கமும் செய்யக்கூடிய வேலை இது. செலவு அதிகமில்லை.

2021க்குப் பிறகு இன்னொரு கோரிக்கையும் வலுத்திருக்கிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் என்று காட்டும் வெள்ள அபாய வரைபடங்களை எல்லோரும் தெருவாரியாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதுதான் அது. அப்படி வைத்தால் சில இடங்களில் வீட்டு விலை விழும் என்ற தயக்கமும் பேசப்படுகிறது. விழத்தான் செய்யும். இன்று அம்பாங்கிலோ பூச்சோங்கிலோ கிள்ளானிலோ வீடு வாங்கப் போகிறவர் எத்தனை அறை, எத்தனை குளியலறை, நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் வண்ணப் படத்தோடு பதில் இருக்கிறது. 1971இல் இந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று கேட்டால், விற்பவரின் மேசையில் அதற்கான படம் பெரும்பாலும் இருப்பதில்லை.